விரலளவு

பூசை முடிந்து படியிறங்கும்போதே
கிளறன்சின் தாய் என் கையைப் பிடித்து
மோதிர விரலில் நூலை மாட்டினா.
வெள்ளை நூல். தையல்பெட்டி வாசம்.
நுனியில் காய்த்திருந்த தோலில்
நூல் ஒருதரம் இடறிப் பிறகு இறங்கியது.
முடிச்சுப் போட்டு, மிச்சத்தைப் பல்லால் அறுத்து,
"இதைக் காட்டினால் அவங்கள் செய்து தருவாங்கள்" என்று
மகனின் பேர்சுக்குள் வைத்தா.

கஸ்தூரியார் வீதியில் மூன்று கடை ஏறி இறங்கினோம்.
பவுண் விலை பலகையில் சோக்கால் எழுதியிருந்தது.
பார்த்துக்கொண்டு நிற்கவே
பெடியன் ஒருத்தன் வந்து அழித்து வேறொன்று எழுதினான்.
நாலாவது கடை வாசலில் சொன்னேன்,
எனக்கு மோதிரம் வேண்டாம்.

கிளறன்ஸ் வலது காதைத் திருப்பினான்.
(ஐஸ் கட்டி உடைக்கிற மெசின்
மற்றதைப் பாதிக்குமேல் தின்றுவிட்டது.)
"என்னது?"
"கிற்றார்" என்றேன், கொஞ்சம் பலத்து.
சைக்கிளில் போன ஒருவர் பிறேக் பிடித்துப் பார்த்தார்.

பதினாலு வருசமாகக் கோயிலில் வாசிக்கிறேன்,
ஒருநாளும் என்னுடையதை அல்ல.
அது பாடகர்குழுவின் கிற்றார்.
அலுமாரித் திறப்பு சுவாமியிடம்.
தவக்காலத்தில் நாற்பது நாள் வெளியே வராது.
இரவு பதினொன்றுக்கு ஒரு மெட்டு வந்தால்
யன்னல் கம்பியில் விரலை அழுத்தி,
சத்தமில்லாமல் கடைசிவரை வாசித்துவிட்டுப் படுப்பேன்.
இதையெல்லாம் நான் அவனுக்குச் சொன்னதில்லை.
அந்த வாசலிலும் சொல்லவில்லை.
அவன் கேட்டது ஒன்றுதான்:
"எங்கை விக்கிறாங்கள்?"

ஸ்ரான்லி வீதியில், பற்றறிக் கடைக்கு மேல்மாடி.
கேதீஸ் அண்ணை இரண்டை இறக்கி வைத்தார்.
ஒன்று கறுப்பு, புதுசு,
எங்கள் இரண்டு பேரின் முகமும் அதில் தெரிந்தது.
மற்றது கனடா போன யாரோ விற்றது.
துவாரத்துக்குக் கீழே
முன்பின் தெரியாத நகம் ஒன்று
வார்னிசைச் சுரண்டிச் சுரண்டி
ஒரு வெளிர்த் திட்டு விட்டிருந்தது.

கிளறன்சுக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது.
ஆனால் காசு அவனுடையது,
மூன்று சீட்டு எடுத்த காசு,
அதால் கவனமாய்த் தெரிந்தெடுக்க நினைத்தான்.
நான் தட்ட, மரத்தின் முதுகில்
வலது காதை வைத்துக் கண்ணை மூடினான்.
கறுப்புக்கு, "நல்லாய்த்தான் இருக்கு" என்றான்.
பழையதுக்கு ஒன்றும் சொல்லவில்லை.
தலையைத் திருப்பி
மற்றக் காதை வைத்தான்.

நான் அடித் தந்தியை விட்டுவிட்டு அடித்தேன்.
கீழே யாரோ பற்றறி தூக்கி வைக்கிற சத்தம்.
"இதாலையும் வருது."
"கேக்குதா?"
"கேக்கேல்லை. வருது."

வார் மாட்டுகிற குமிழ் ஆடியது.
புரியாணிக்கு ஓட்டை பெருத்துப் போச்சு,
உள்ளே சுற்ற ஏதும் மெல்லிசாய் இருக்கோ என்று
அண்ணை மேசை லாச்சியைக் கிளறினார்.
கிளறன்ஸ் பேர்சைத் திறந்தான்.
அந்தச் சின்ன வளையத்தை
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நீட்டினான்.
அண்ணைக்கு என்ன தெரியும்,
முடிச்சை நகத்தால் பிய்த்து,
ஆணியில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி,
முறுக்கினார். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

பில்லில் பழையது என்று எழுத வேண்டாம் என்றேன்.
"ஏன், பழசுதானே?" என்றார். எழுதினார்.

மோட்டச்சைக்கிளில் அவன், பிறகு கிற்றார், பிறகு நான்.
ஒவ்வொரு பள்ளத்துக்கும் பைக்குள் ஆறு தந்தியும்
அரைகுறையாய் ஏதோ சொல்லின.
றெயில் கடவையில் கதவு விழுந்திருந்தது.
போன் அடித்தது. தாய்.
அவனுக்காக அவ எப்போதும் கத்தித்தான் கதைப்பா,
பின்னால் எனக்கும் கேட்டது.
"அளவு சரியாய் இருந்ததோ?"

கிளறன்ஸ் கையைப் பின்னால் விட்டு
பையின் மேலாகக் குமிழைத் தடவினான்.
"ஓமம்மா," என்றான்,
"நல்ல இறுக்கமாய் இருக்கு."